உப்புக் கிணறும் பாபிலோன் சாமியும்

வேதாரண்யம் பக்கம் உப்பளங்களைத் தாண்டிப் போனால் கோடிமேடு என்று ஒரு ஊர் வரும். அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். அவர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேறு ஒன்றும் கிடையாது.

அங்கே மருதப்பன் என்று ஒரு குயவர். அய்யனார் கோயிலுக்கு மண் குதிரை செய்து கொடுப்பார். குதிரை எல்லாம் லட்சணமாக இருக்கும், கண் மட்டும் மாறுகண்ணாகப் போய்விடும். ஒரு கண் ஊரைப் பார்க்கும், இன்னொரு கண் மருதப்பனைப் பார்க்கும்.

அவர் வீட்டுக் கிணறு திடீரென்று உப்பாகிவிட்டது. மருதப்பனுக்குச் சந்தோஷம். குழம்புக்கு உப்புப் போடும் வேலை மிச்சமாயிற்றே! ஆனால் காப்பியும் கரித்தது. அவர் மனைவி செண்பகம் ஒரு வாய் குடித்தாள், டம்ளரை வைத்தாள், பையை எடுத்தாள்.

"தண்ணி இனிக்கட்டும். அப்புறம் சொல்லி அனுப்பு" என்று அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மருதப்பன் அன்றைக்கே ஒரு மூட்டை வெல்லம் வாங்கிக் கிணற்றில் கொட்டினார். தண்ணீர் இனிக்கவில்லை. எறும்புதான் வந்தது.

ராத்திரி தனியாகச் சோறு வடிக்கும்போது மனுஷனுக்கு அழுகை வந்துவிடும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் வந்தார்கள் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர். ஒருவர் சிங்காரவேலு. அவரிடம் பெரிய செல்போன் இருந்ததால் அறிவாளி. இன்னொருவர் பொன்னுரங்கம். அவரிடம் செல்போன் இல்லாததால் சந்தேகம் கேட்பவர்.

"என் மச்சான் லண்டன்ல ஒரு கூட்டத்துல சேர்ந்திருக்கான்" என்றார் சிங்காரவேலு. "பாபிலோன்னு ஒரு பழைய தேசம். அந்த தேசத்துச் சாமிங்களை மறுபடியும் கும்பிட ஆரம்பிச்சிருக்காங்க. பெரிய சாமி பேரு மர்துக். ஆதியில உப்புக்கடலே ஒரு ராட்சசியா எழும்பி வந்துச்சாம். இந்தச் சாமி அவளைக் கருவாடு பிளக்கிற மாதிரி ரெண்டாப் பிளந்துடுச்சாம்."

"கடலையேவா?" என்றார் மருதப்பன்.

"கடலையே. உன் கிணறு எம்மாத்திரம்?"

பொன்னுரங்கம் யோசித்தார். "நம்ம சாமிங்க கோவிச்சுக்காதா?"

"அது வெளியூர்லேருந்து வருது. விருந்தாளி வந்தா யாராச்சும் கோவிப்பாங்களாய்யா?"

மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. சித்திரை ஒண்ணாம் தேதி விடியும்போது சாமி கிணற்றைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் வருஷம் முழுக்கத் தண்ணீர் இனிக்கும் என்று சிங்காரவேலு நாளும் குறித்துவிட்டார்.

மருதப்பன் சாமியைச் செய்தார். தாடி வைத்தார். கையில் மண்வெட்டி கொடுத்தார், அதுதான் அந்தச் சாமியின் அடையாளமாம். காலடியில் பாம்புத் தலையோடு ஒரு மிருகம். அது பாதி குதிரையாகத்தான் வந்தது. பழகிய கை.

பிறகு லண்டன் மச்சான் போனில் பேசி அனுப்பினான்: "சாமிக்கு வாய் கழுவணும். திரும்பத் திரும்பக் கழுவணும்."

"ஒண்ணும் சாப்பிடவே இல்லையே, எதுக்கு வாய் கழுவணும்?" என்றார் பொன்னுரங்கம்.

"நீ காலையில எழுந்ததும் சாப்பிட்டுட்டா கழுவறே?"

பொன்னுரங்கம் கடைக்குப் போய்ப் பல்பொடி வாங்கி வந்தார். மூவரும் மாறி மாறிக் கழுவினார்கள். சுடாத மண். கழுவக் கழுவ உதடு போயிற்று, பல் போயிற்று, தாடியில் பாதியும் போயிற்று. கடைசியில் வாயே இல்லை.

"இப்பதான் சுத்தமா இருக்கு" என்றார் சிங்காரவேலு.

மருதப்பன் புது வாய் வைத்துச் சூளையில் சுட்டு எடுத்தார். மறுபடியும் மச்சான் பேசினான்: "செஞ்சவன் கையைத் துணியால கட்டணும். மரக்கத்தியால வெட்டுற மாதிரி காட்டணும். அவன் 'நான் செய்யலை'ன்னு சத்தியம் பண்ணணும். அப்பதான் அது சாமி. இல்லேன்னா வெறும் பொம்மை."

அப்படியே செய்தார்கள். பொன்னுரங்கம் துண்டால் கட்டினார். சிங்காரவேலு மரக்கத்தியால் தட்டினார். மருதப்பன் கண்ணை மூடிக்கொண்டு, "சத்தியமா இதை நான் செய்யலை" என்றார்.

பொன்னுரங்கத்துக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. "மருது, நீ பொய்ச் சத்தியம் பண்ற ஆளா?"

"என் நாக்கு அழுகிடும்!"

"அப்ப நீ செய்யலை."

"செய்யலை."

"அப்ப யாருதான்யா செஞ்சது?"

மூவரும் சிலையைப் பார்த்தார்கள். சிலையின் ஒரு கண் அவர்களைப் பார்த்தது.

"ஐயையோ, திருட்டுச் சிலை!" என்றார் சிங்காரவேலு. "சொந்தக்காரன் எங்க தேடிக்கிட்டு இருக்கானோ!"

யோக்கியர்கள் அல்லவா? தள்ளுவண்டியில் சாமியை ஏற்றிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

ஸ்டேஷனில் ஏட்டு அருமைநாதன் இருந்தார். பொறுமைசாலி. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்.

"யாருய்யா செஞ்சது இதை?"

"நேத்து வரைக்கும் மருதப்பன் செஞ்சாருங்க. இன்னிக்குக் காலையிலேருந்து அவர் செய்யலை" என்றார் பொன்னுரங்கம்.

ஏட்டு தலையைச் சொறிந்துகொண்டார். "சரி, செஞ்சவன் வந்து கேட்கட்டும். அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்."

மருதப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, நாளைக்குச் சித்திரை ஒண்ணு! விடியறப்ப சாமி கிணத்தைப் பார்க்கலேன்னா என் பொஞ்சாதி வரமாட்டாய்யா!"

"அட, நான்தான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு. தூக்கிட்டுப் போ."

மூவரும் ஓரமாகப் போய் ஆலோசனை செய்தார்கள்.

"செஞ்சேன்னு சொன்னா?"

"பொம்மையாயிடும். பொம்மை எப்படி உப்பைப் பிளக்கும்?"

"செய்யலேன்னு சொன்னா?"

"சாமி லாக்கப்புல இருக்கும்."

இப்படியே சாயங்காலம் ஆயிற்று. சாமிக்குத் திரை போட்டுத்தான் படைக்க வேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்ததால், பொன்னுரங்கம் லாக்கப் கம்பியில் துண்டைத் தொங்கவிட்டுத் தயிர்சாதம் வைத்தார். மருதப்பன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, "செண்பகம், செண்பகம்" என்று விசும்பிக்கொண்டிருந்தார்.

ஏட்டுக்குத் தலை கிறுகிறுத்தது. "யோவ்! நீயும் செய்யலை, இவனும் செய்யலை, அவனும் செய்யலை. பின்னே என்ன, நான்தான் செஞ்சேனா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மருதப்பன் மெதுவாக எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா! இதைக் காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

ஏட்டு வாயைத் திறப்பதற்குள் பொன்னுரங்கம் திரைத்துண்டை உருவி அவர் கையைக் கட்டிவிட்டார். சிங்காரவேலு மரக்கத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"டேய், விடுங்கடா! நான் செய்யலைடா! சத்தியமா நான் செய்யலை!"

"போதுங்கய்யா" என்றார் சிங்காரவேலு பணிவாக. "ஒரு தடவை சொன்னாப் போதும்."

கட்டை அவிழ்த்துவிட்டு, விழுந்து கும்பிட்டு, சாமியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தொலையட்டும் என்று ஏட்டும் விட்டுவிட்டார்.

சித்திரை ஒண்ணாம் தேதி விடிந்தது. சாமி கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு கண்ணால் தண்ணீரைப் பார்த்தது. புருஷனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு, முதல் பஸ்ஸிலேயே செண்பகம் ஓடி வந்துவிட்டாள்.

மூவரும் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார்கள். அவள் குடித்துப் பார்த்தாள். அதே உப்பு. சாமியை நிமிர்ந்து பார்த்தாள். பாம்புத் தலைக் குதிரையைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது உன் கைதானேய்யா!"

"அபச்சாரம்! நான் செய்யலை. ஏட்டையா செஞ்சது."

செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள். குடத்தை இடுப்பில் எடுத்தாள்.

"தண்ணியை நான் தெருக்குழாய்லேருந்து எடுத்துக்கறேன். உன்னைத் தனியா விட்டா நாட்டுக்கே ஆகாது."

சாமியின் மகிமையைப் பார்த்தீர்களா என்று மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் மச்சான் பேசி அனுப்பினான்: மர்துக் சாமிக்கும் சம்சாரம் உண்டாம். ஒண்டியாக வைப்பது அழகில்லையாம்.

செண்பகம் இல்லாமல் பட்ட பாடு மருதப்பனுக்குத் தெரியாதா? அன்றைக்கே தள்ளுவண்டி நிறையக் களிமண்ணைப் பிசைந்து ஏற்றிக்கொண்டு மூவரும் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார்கள்.

"ஏட்டையா, அம்மன் ஒண்ணு செஞ்சு தரணும்" என்றார் சிங்காரவேலு.

மருதப்பன் கொஞ்சம் தயங்கி, ஏட்டு மனம் நோகக்கூடாதே என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தப்பா நினைக்காதீங்கய்யா. போன தடவை கண்ணு கொஞ்சம் மாறுகண்ணாப் போச்சு. முதல் வேலை, அப்படித்தான் வரும். இந்தத் தடவை நான் பக்கத்துல இருந்து சொல்லித் தர்றேன்."