சடச்சி கொடுக்காத மணிச்சத்து

அந்தக் காலத்தில் சோளப் பயிர் வாய் திறந்து பேசும். அதன் உடம்புக்குள் வேலை பார்த்த புரதங்களும் பேசும். பேச்சு மட்டுமா, சண்டையும் போடும். கைனேஸ் என்கிற புரதக் குடும்பத்தில் அப்போது இரண்டே பேர்தான்: அக்காள் சடச்சி, தங்கை பவளம்.

சடச்சிக்கு வேரில் வேலை. மண் காய்ந்தால் முதலில் அவளுக்குத்தான் தெரியும். உடனே மேலே இலைக்கு ஓடிப்போய், தூங்குகிற பவளத்தின் தோளில் ஒரு பொட்டு மணிச்சத்தை, அதாவது பாஸ்பேட்டை, வைப்பாள். அது பட்டால்தான் பவளம் கண் விழிப்பாள். விழித்ததும் இலையில் இருக்கிற பொடிப்பொடி வாசல்களையெல்லாம் சாத்திவிடுவாள். தண்ணீர் வெளியே போகாது, பயிர் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு கோடையில் இப்படிப் பிழைத்த சோளம் பூரித்துப்போய், "பவளம், நீ மகராசிடி! உன்னாலதான் என் உசுரு நின்னுச்சு" என்றது. சடச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சடச்சி சும்மா இருப்பாளா? "வேருல கெடந்து வேகுறது நானு. மேல காத்து வாங்குற தூங்குமூஞ்சிக்கு மகராசிப் பட்டமா? நான் தொடலைன்னா அவ எந்திரிப்பாளா?"

மறுபடி மண் காய்ந்தபோது கதிர் பால் பிடிக்கிற நேரம். பிஞ்சு மணிகள் தாகத்தில் வீறிட்டு அழுதன. சடச்சி மணிச்சத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மகராசி தானா எந்திரிச்சுச் சாத்தட்டுமே!" தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகணும் என்கிற புத்தி, வேறென்ன?

பவளம் தூங்கினாள். வாசல்கள் திறந்தே கிடந்தன. இருந்த தண்ணீரும் ஆவியாகிப் போனது. மணிகளின் அழுகை ஒவ்வொன்றாக நின்றது. அப்போதுதான் சடச்சிக்குப் பகீரென்றது. ஓடிவந்து தங்கையைத் தொட்டாள். பவளம் எழுந்து வாசல்களைச் சாத்துவதற்குள் பாதிக் கதிர் பதராகிவிட்டது.

"ஏன்க்கா எழுப்பலை?" என்று கதறினாள் பவளம்.

"உன்னைக் கொண்டாடுனது பொறுக்கலைடி" என்றாள் சடச்சி. அவளும் அழுதாள்.

சோளம், "உன்னை மறந்தது என் தப்புதான் சடச்சி. அதுக்காக ஒருத்தி முறுக்கிக்கிட்டா என் பிள்ளைங்க சாகணுமா?" என்றது. ஒருத்தி எழுப்பாவிட்டாலும் இன்னொருத்தி எழுப்பட்டும் என்று, மிஞ்சிய விதை ஒவ்வொன்றிலும் சடச்சியின் மரபணுவையே சின்னச் சின்ன மாற்றத்தோடு பலமுறை பதித்துவைத்தது.

அன்று முதல்தான் சோளத்தில் கைனேஸ் குடும்பத்துக்கு இத்தனை மரபணுக்கள். ஒரே ஒரு தங்கச்சியைப் பொறுக்காத சடச்சி, வீடு நிறையத் தங்கச்சிகளோடு குடித்தனம் பண்ணுகிறாள்.