பானைக்குள் அடைபட்ட ஈ

அந்தக் காலத்தில் ஈ எறும்புக்கெல்லாம் பேச்சு இருந்தது. அவை பேசினால் நின்று கேட்க மனுஷருக்கும் பொறுமை இருந்தது. அப்போது ஓர் ஆற்றின் இக்கரையில் நஞ்சி என்றொருத்தி குடியிருந்தாள். அவள் தங்கை ரங்கி வாழ்க்கைப்பட்டது அக்கரையில். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனாலும் மூன்று மழைக்காலமாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. நஞ்சியின் புருஷன் பெள்ளன், அக்கரைக்காரர்களுக்குப் பாத்தியப்பட்ட பாறையில் தேன் எடுத்துவிட்டான். அதில் மூண்ட சண்டை. ரங்கிக்குப் பிறந்த பிள்ளை நடக்கவே தொடங்கிவிட்டது என்று நஞ்சி காற்றுவாக்கில்தான் கேள்விப்பட்டாள்.

சண்டை தீர அவர்கள் வழக்கத்தில் ஒரே வழிதான் உண்டு. தப்பு செய்த வீட்டுக்காரி தன் கையால் கேழ்வரகு மது போட வேண்டும். பௌர்ணமியன்று இரண்டு கரையும் ஒரே பானையிலிருந்து குடிக்க வேண்டும். மது நுரைத்திருந்தால் உறவு. சப்பென்றிருந்தால் அக்கரையார் கலயத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவார்கள். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

நஞ்சி அதுவரை மது போட்டவள் இல்லை. அங்கே இங்கே காதில் விழுந்ததை வைத்துக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து இடித்து, கூழாகக் காய்ச்சி ஆறவிட்டாள். மகா சுத்தக்காரி. பானையைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கொதிநீர் ஊற்றினாள். கூழை ஊற்றி மூடி, ஒரு தூசி போகாதபடி களிமண் பூசினாள். நாலாம் நாள் திறந்து பார்த்தால் ஒரு பொட்டு நுரை இல்லை.

பெள்ளன் ஒரு வாய் குடித்தான். "ஏ புள்ள, இது மதுவா, ஆறின கஞ்சியா? இதைக் குடிச்சா இருக்கிற சண்டை இன்னும் கூடும்."

"ஊரான் தேனை நக்கின வாய், இதுவும் பேசும் இன்னமும் பேசும்" என்றாள் நஞ்சி. அவன் வெளியே போய்விட்டான்.

அப்போது எள் அளவே இருந்த ஓர் ஈ அவள் காதோரம் வந்தது. அந்த நாளில் அதற்குக் கண் கறுப்பு. குரல் சன்னமாக, இனிப்பாக இருக்கும்.

"அக்கா, பானையைக் குளிப்பாட்டினா மட்டும் போதுமா? உள்ளே உசிரு வேண்டாமா?"

"உசிருக்கு எங்கே போவேன்?"

"என் காலில் இருக்கு. வெடிச்ச அத்தி, அழுகின நாவல்னு நடந்து நடந்து புளிப்பெல்லாம் இதில்தான் ஒட்டிக்கிடக்கு. உன் கூழ்மேல ஒரு நடை நடந்தா நுரைச்சிடும்."

"சீ! அந்தக் காலோட என் பானைக்குள்ளயா?"

"என் காலைப் பார்க்கிறியா, உன் தங்கச்சி முகத்தைப் பார்க்கிறியா?"

நஞ்சி அடுப்பை மூட்டினாள். மறுபடி கூழ் காய்ச்சி ஆறவைத்தாள். ஈ உள்ளே இறங்கும்போது சொல்லிற்று: "பானை வாயில் துணி மட்டும் கட்டுக்கா. மது மூச்சுவிடும், அடைச்சிராதே. துணியோரமா நானும் வெளியே வந்திருவேன்."

சாயங்காலத்துக்குள் கூழ் முணுமுணுக்கத் தொடங்கியது. வாசனை வீட்டை நிறைத்தது. நஞ்சிக்குச் சந்தோஷத்தோடு பயமும் வந்தது. ஈ வெளியே போனால் நுரையும் கூடவே போய்விடுமோ? நல்லபடியாகக் கைக்கு வந்ததை விட மனசு வரவில்லை. துணியை எடுத்துவிட்டு மூடி போட்டு, சுற்றிலும் களிமண்ணை அப்பினாள்.

உள்ளேயிருந்து "அக்கா... அக்கா..." என்று கேட்டது.

"பௌர்ணமி வரைக்கும் பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டு விறகு பொறுக்கப் போனாள். திரும்பி வந்தபோதும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் குரல் கம்மியது. மூன்றாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் பானை டமாரென்று வெடித்தது.

நஞ்சி ஓடிவந்தாள். கூழெல்லாம் தரையில். ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே ஈ தள்ளாடிக்கொண்டு வந்தது. அதன் கண்கள் இரத்தமாகச் சிவந்திருந்தன.

"தங்கம், பேசு. என்னைத் திட்டவாவது செய்" என்றாள் நஞ்சி. ஈ வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டே தீர்ந்துபோயிருந்தது.

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பௌர்ணமிக்கு இன்னும் இரண்டே நாள். ஈ பறந்து போயிருக்கலாம். போகவில்லை. பானையின் அடிச்சில்லில் கொஞ்சம் மண்டி தேங்கியிருந்தது. அதன் ஓரத்தில் போய் நின்று அவளையே பார்த்தது. அவள் எழுகிறவரை நகரவில்லை.

நஞ்சிக்குப் புரிந்தது. மீதி மாவைக் கூழாக்கி ஆறவைத்து, அந்த மண்டியை வழித்துக் கலந்தாள். வேறொரு பானையில் ஊற்றி, அதன் வாயில் மெல்லிய துணி ஒன்றைத் தளர்வாகக் கட்டினாள். ஈ அதன் இஷ்டத்துக்கு வந்தது, போனது. இரண்டாம் நாள் நுரை துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

பௌர்ணமியன்று அக்கரையார் வந்தார்கள். ரங்கி இடுப்பில் பிள்ளையோடு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் முதல் கலயத்தை வாங்கினாள். ஈ பறந்துபோய் அதன் விளிம்பில் உட்கார்ந்தது. அடிக்கக் கை ஓங்கினாள் ரங்கி.

"அடிக்காதேடி! ஊதிவிடு!" என்று நஞ்சி அலறினாள்.

ரங்கி திகைத்துப்போய் ஊதினாள். நுரை தெறித்துப் பிள்ளை மூக்கில் ஒட்ட, அது கெக்கலித்துச் சிரித்தது. "ஏக்கா, மூணு மழை கழிச்சுப் பார்க்கிறே. முதல் வார்த்தை ஈக்காகவா?" என்றவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பிள்ளையை அக்காள் கையில் கொடுத்தாள். நஞ்சி பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்று முதல்தான் அந்தச் சின்ன ஈக்குக் கண் சிவப்பு, வாயில் பேச்சில்லை. அன்று முதல்தான் அந்த ஆற்றங்கரையில் மதுப்பானைக்கு மண் பூசாமல் துணி கட்டுகிறார்கள்; கலயத்தில் ஈ வந்து உட்கார்ந்தால் அடிக்காமல், அது குடித்துவிட்டுப் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.