இருவாச்சியும் கூப்பாட்டுப் பாறையும்

ஒரு காட்டில், சொன்ன சொல்லை மலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாறை ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் நின்று எறும்புதின்னி முனகினால்கூட ஆற்றங்கரை யானைக்குக் கேட்கும். கூப்பாட்டுப் பாறை என்று அதற்குப் பெயர்.

பாறையை ஒட்டி நின்ற நெடிய மரத்தில் ஓர் இருவாச்சிப் பறவை குடியிருந்தது. பாறையில் பேச முறை கொடுப்பது அதன் வேலை. யார் முதலில் வந்தாரோ அவருக்கு முதல் முறை. அதுதான் காட்டு வழக்கம். கரடி வந்து தேனீக்களைப் பற்றிப் புலம்பும். தவளை தன் பாட்டைத் தானே மெச்சிக்கொள்ளும். இருவாச்சி யாரையும் தடுத்ததில்லை.

அந்தக் கோடையில் இருவாச்சியின் மனத்தில் ஒரு பயம் வந்து குந்திக்கொண்டது. தங்கள் குல வழக்கப்படி அதன் மனைவி மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டு, வாயிலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இறகு முளைக்காத ஒரு குஞ்சு. இருவாச்சி கொண்டுவந்து ஊட்டும் அத்திப்பழம்தான் இரண்டுக்கும் உயிர்.

அப்போதுதான் ஆள்காட்டிக் குருவி பாறையில் ஏறி ஒரு செய்தி சொன்னது. உப்புத்தரையில் யாரையும் வேட்டையாட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த வேங்கை அரசர், உப்பு நக்க வந்த மான்குட்டியை அங்கேயே அடித்துத் தின்றுவிட்டாராம். கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க ஆள்காட்டிக்கு வராது.

மறுநாள் அமைச்சர் புனுகுப்பூனை வந்தது. மேனியைப் போலவே அதன் பேச்சும் மணக்கும்.

"இருவாச்சியாரே, அரசர் உத்தரவு எதுவும் போடவில்லை. ஆள்காட்டிக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் நல்லது என்று நினைக்கிறார், அவ்வளவுதான்."

"பாறை எல்லாருக்கும் பொதுவாயிற்றே."

"பொதுதான். உங்கள் அத்திமரமும் பொதுதான். அதில் குரங்குப் பட்டாளத்தை இறக்கலாமா என்று அரசர் யோசிக்கிறார். இறக்கினால் பிஞ்சுகூட மிஞ்சாது. அது இருக்கட்டும், வீட்டில் எல்லாரும் சுகமா?"

அன்றே இருவாச்சி, ஆள்காட்டிக்கு இனி முறை இல்லை என்று சொல்லிவிட்டது. ஆள்காட்டி சண்டை போடவில்லை. ஆற்றுமணலுக்குத் திரும்பிப் போயிற்று.

ஒரு வாயை அடைத்தால் போதும் என்றுதான் இருவாச்சி நினைத்தது. ஆனால் குட்டியைப் பறிகொடுத்த மான் அழ வந்தபோது புனுகுப்பூனை மறுபடி வந்தது. மான் ஏன் அழுகிறது என்று கேட்ட கரடிக்காகவும் வந்தது. தவளையின் பாட்டில் உப்பு என்ற சொல் வருகிறது என்று அதற்காகவும் வந்தது. கடைசியில் பாறையிலிருந்து கேட்டது ஒரே செய்திதான்: காடு நலம், அரசர் நலம்.

ஆள்காட்டியின் குரலே இல்லையே என்று பொந்துக்குள்ளிருந்து மனைவி கேட்டது. அது வலசை போய்விட்டது என்று சொல்லி இருவாச்சி பழத்தை நீட்டியது. ஆள்காட்டி வலசை போகாது என்று மனைவிக்குத் தெரியும். அது பழத்தை வாங்கிக்கொண்டது.

வேனில் முற்றியபோது மேற்குச் சரிவில் தீப்பிடித்தது. காற்று அதைப் பாறைப் பக்கமாக விரட்டிக்கொண்டு வந்தது. முதலில் பார்த்தது வேங்கைதான். பாறையில் ஏறி, எல்லாரும் வந்து சருகையும் புதரையும் அகற்றித் தீயை மறியுங்கள் என்று தொண்டை கிழியக் கூவியது.

ஒருவரும் வரவில்லை. விலங்குகள் மலைக்கு அப்பால் பள்ளத்தாக்கில் இருந்தன. அங்கிருந்து புகை தெரியாது. இருவாச்சி தானே பறந்துபோய் அவற்றின் முன் இறங்கி, தீ வருகிறது என்று கெஞ்சியது.

"அரசரின் புகழ்ச்சிக் கூட்டத்துக்கு ஆள் போதவில்லையாக்கும்" என்றது காட்டுப்பன்றி.

யானை ஒரு மூங்கிலை ஒடித்து வாயில் வைத்துக்கொண்டது. "காடு நலம் என்று காலையில் சொன்னதும் உன் பாறைதானே, தம்பி?"

இருவாச்சி நேரே ஆற்றுமணலுக்குப் பறந்தது.

"ஆள்காட்டி, உன் வாயை அடைத்தவன் நான். பாறைப் பக்கம் தீ வருகிறது. என் பெண்டாட்டி பிள்ளை பொந்துக்குள் இருக்கிறார்கள். நான் சொன்னால் நம்ப ஆள் இல்லை."

ஆள்காட்டி அதை ஒருமுறை பார்த்தது. பிறகு சிறகை விரித்தது.

பாறையின் மேல் வேங்கை குரல் கம்மி நின்றது. ஆள்காட்டி அதன் காலடியிலேயே இறங்கி, மலை தாண்டிக் கூவியது: "உப்புத்தரையில் குட்டியை அடித்தது வேங்கை. அதை நான் மறக்கவில்லை. ஆனால் இன்று வேங்கை சொல்வது உண்மை. மேற்கே தீ. வாருங்கள்."

பள்ளத்தாக்கு முழுவதும் எழுந்தது. யானைகள் புதர்களைப் பிடுங்கி எறிந்தன. பன்றிகள் மண்ணைக் கிளறிப் போட்டன. மான் கூட்டம் சருகுகளைக் குளம்பால் தள்ளியது. குட்டியை இழந்த தாயும் அதில் இருந்தது. வேங்கையும் நகம் தேயத் தோண்டியது. தீ அந்த வெறுந்தரைவரை வந்து, தின்ன ஏதுமில்லாமல் படுத்துவிட்டது. பொந்துக்குள் குஞ்சு பசியில் கத்தியது. அந்தச் சத்தம் கேட்டு இருவாச்சிக்குக் கண் நிறைந்தது.

அதன்பின் வேங்கை எது சொன்னாலும், அப்படியா என்று விலங்குகள் ஆள்காட்டியைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தன. அரியணை இருந்தது, வேங்கையின் சொல்லுக்கு இருந்த மதிப்புப் போய்விட்டது. உயிர் பிழைத்த வேங்கையால் கோபப்படவும் முடியவில்லை.

இருவாச்சி நன்றாகப் பழுத்த ஓர் அத்திப்பழத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுமணலுக்குப் போயிற்று.

"நான் பழம் தின்பதில்லை அண்ணா, புழுதான்" என்றது ஆள்காட்டி.

"வேறு என்ன தரட்டும்? கேள். என் குடும்பமே உனக்குக் கடன்பட்டிருக்கிறது."

"நாளைக்குப் பாறையில் முதல் முறை கொடு. உன்னைப் பற்றித்தான் பேசப்போகிறேன்."

இருவாச்சி தலை தாழ்த்தியது. "விடிந்ததும் வா. நானும் உட்கார்ந்து கேட்கிறேன்."

நீதி: குறை சொல்லும் வாயை அடைத்தவர் உண்மையே சொன்னாலும் ஊர் நம்பாது.