பைன் காய் வாயை மூடிய கதை

அந்தக் காலத்தில் மரமும் பேசும், மாடும் பேசும், நெருப்புகூட வருவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வரும். ஆனால் பைன் மரம் பேசின பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! மற்ற மரங்களுக்கு ஒரு வாய் என்றால், பைனுக்குக் காய்க்கு ஒரு வாய். கிளை கிளையாகக் காய்கள். எல்லாம் எந்நேரமும் ஆவென்று திறந்தே இருக்கும். உள்ளே சின்ன இறக்கையோடு விதைகள் உட்கார்ந்திருக்கும். காய் பேசப் பேச ஒன்றிரண்டாக உதிர்ந்து காற்றில் போகும்.

அந்தப் பைன் நின்ற மலைச்சரிவில் நஞ்சி என்றொருத்தி எருமை மேய்த்து வந்தாள். வருஷா வருஷம் தை மாதத்தில், தரையில் பனியீரம் இருக்கும்போதே, பைன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஊசி இலைச் சருகுக்குச் சின்னதாக நெருப்பு வைப்பாள். அது முழங்கால் உயரம்கூட எழாது. "வரலாமா?" என்று கேட்டுவிட்டு, புகைந்தபடி ஊர்ந்துபோய் ஓடைக்கரையில் அணைந்துவிடும். பிறகு அங்கே புல் வரும், எருமை மேயும், நடுவில் நாலைந்து பைன் கன்றும் தலைகாட்டும். எதற்காக இப்படிச் செய்கிறோம் என்று நஞ்சி யோசித்ததே கிடையாது. அவள் வீட்டில் எல்லாரும் செய்தார்கள், அவளும் செய்தாள்.

பைனுக்கு அது பிடிக்கவில்லை. காலில் சூடு படுகிறதாம், புகை கண்ணைக் கரிக்கிறதாம், ஆசை ஆசையாகப் பரப்பி வைத்த ஊசி மெத்தை வீணாகிறதாம். ஒரு மார்கழியில் புலம்பலை ஆரம்பித்தது. ஒரு வாய் புலம்பினால் தாங்கலாம். முந்நூறு வாய் சேர்ந்து புலம்பினால் எருமை எங்கே மேயும்? பால் வற்றிப் போனது. கிழட்டு எருமை ஒன்று நஞ்சியிடம் வந்து, தன்னை வேறு மலைக்கு ஓட்டிவிடும்படி கெஞ்சியது.

நஞ்சிக்குப் பொறுக்கவில்லை. ஏன் கொளுத்துகிறாய் என்று பைன் கேட்டபோது பதில் சொல்லவும் தெரியவில்லை. "சரி தாயே, இனி உன் காலடியில் நெருப்பு வைக்கமாட்டேன். ஆளை விடு" என்று சொல்லிவிட்டாள்.

முந்நூறு வாயும் அன்று முழுக்க நன்றி சொன்னது. அது அதைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது.

ஏழு வருஷம் போயிற்று. ஊசிச் சருகு முழங்கால் அளவு சேர்ந்தது, பிறகு இடுப்பளவு. பைன் தன் மெத்தையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தது. ஆனால் அந்த ஏழு வருஷத்தில் ஒரு கன்றுகூட முளைக்கவில்லை. விழுந்த விதையெல்லாம் சருகின் மேலேயே கிடந்து காய்ந்தது. மண்ணைத் தொட்டால்தானே முளைக்கும்! பைனோ, எல்லாவற்றையும் அணில் தின்றுவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. அணில், தான் பாதிதான் தின்றதாகச் சத்தியம் செய்தது. பைன் முதல்முறையாகக் குரல் தாழ்த்தி, "எனக்கு வயதாகிறது நஞ்சி. முன்பு முளைத்த கன்றெல்லாம் எருமைக் காலில் போயிற்று. எனக்குப் பிறகு இங்கே நிற்க ஒரு பிள்ளை இல்லை" என்றது. நஞ்சிக்குப் பாவமாக இருந்தது.

எட்டாவது வருஷம் மழை பொய்த்தது. சித்திரையில் வெறும் இடி இடித்து ஒரு மின்னல் விழுந்தது. அந்த நெருப்பு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடுப்பளவுச் சருகில் ஏறி, ஆள் உயரத்துக்கு எழுந்து, பைனை நோக்கி வந்தது.

நஞ்சி பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓடிவந்து நெருப்பை அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. மேலே முந்நூறு வாயும் அகலத் திறந்து அலறியது. ஒவ்வொரு வாய்க்குள்ளும் விதைகள் பொரியப்போகும் சோளம் மாதிரி நடுங்குவதை அவள் பார்த்தாள். பைனுக்கு மிச்சமிருந்த பிள்ளைகள் அந்த விதைகள்தான். ஏழு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள்.

"வாயை மூடு!"

அதுவரை யாரும் பைனிடம் அப்படிச் சொன்னதில்லை. திகைத்துப்போய் முந்நூறு வாயும் ஒன்றாக மூடிக்கொண்டது. மரத்திலிருந்து பிசின் கசிந்து உதடுகளை ஒட்டியது. நஞ்சி எருமைகளை ஓட்டிக்கொண்டு ஓடைக்கு அப்பால் போய் நின்றாள்.

நெருப்பு போன பிறகு திரும்பி வந்தாள். பைன் கரிக்கட்டையாக நின்றது. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. அந்த நிம்மதிக்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினாள்! ஆனால் சாம்பலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். உன் புலம்பலுக்குப் பயந்து சருகைக் கொளுத்தாமல் விட்டேனே, அதனால் செத்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கிழட்டு எருமைகூடத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

அப்போது மேலே டிக் என்றது. சூட்டில் பிசின் உருகி ஒரு காய் வாயைத் திறந்தது. திட்டப்போகிறது என்று நஞ்சி காதைப் பொத்திக்கொண்டாள். காய் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விதை மட்டும் சுற்றிச் சுற்றி இறங்கி, சருகில்லாத வெறும் மண்ணில் உட்கார்ந்தது. பிறகு டிக், டிக் என்று மரமெங்கும்.

மழை வந்தது, கன்றுகள் முளைத்தன. அவை ஆளுயரம் வளர்ந்து காய்க்கும் வரை பொறுத்திருந்து, நஞ்சி மறுபடி தை மாதச் சின்ன நெருப்பை வைத்தாள். இந்த முறை ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று முதல்தான் பைன் காய் ஈரம் பட்டால் வாயை இறுக மூடிக்கொள்கிறது, சூடு பட்டுக் காய்ந்தால் திறக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒன்றைக் கொண்டுவந்து அடுப்பருகே வைத்துப் பாருங்கள். டிக் என்று திறக்கும். எவ்வளவு நேரம் காது கொடுத்தாலும் ஒரு வார்த்தை பேசாது.