எந்தக் குழாயை அடைப்பது?

ஓர் அறிவிப்பைப் பலகையில் எழுதி வைத்தால் யாரும் படிப்பதில்லை. படிக்கிறவர் ஒருவர் கிடைத்தால் அதைவிடத் தொல்லை. பாதாளச் சாக்கடைப் பிரிவில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். கதையைக் கேட்டுவிட்டு, கடைசியில் நான் கேட்பதற்கு நீங்களாவது ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள்.

மணியக்காரர் சந்து ஒரே சரிவு. அதன் கடைசி வீடு, ஆகப் பள்ளமான வீடு, செண்பகவல்லியுடையது. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவர். மூன்று மாதத்தில் ஐந்து தடவை அவர் வீட்டுக் குளியலறைத் துளை வழியாகச் சாக்கடை மேலேறி அடுப்படி வரை வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் அவர் மகளுக்குப் பிரசவமாகியிருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

"பச்சப்புள்ளய எங்க சார் படுக்க வைப்பேன்?" என்றார்.

ஒவ்வொரு தடவையும் நான் போவேன். மழைக்கோட்டைக் கழற்றி அவர் வாசல் கொடியில் போட்டுவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து நீளக் கம்பியை விடச் சொல்வேன். கம்பி எதிலும் இடிக்காமல் மறுமுனை வரை போகும். அடைப்பே இல்லாத குழாயில் சாக்கடை எதிர்த்து வந்தால் எந்த மனிதனுக்குத்தான் எரிச்சல் வராது? பொறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள விதிய மீறுறவன் குழாய அடைச்சுட்டு வாங்க. ஆள மாத்தி அடைச்சீங்கன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

செண்பகவல்லி வீட்டுக்கு மேலே பெரிய இணைப்புகள் மூன்று.

முதலாவது கதீஜா பீவியின் வடைக்கடை. சந்து மொத்தமும் கையைக் காட்டியது அங்கேதான். எண்ணெய் என்றால் கதீஜா, கதீஜா என்றால் எண்ணெய். அவ்வளவுதான் இவர்களுடைய விசாரணை. "பழைய எண்ணெய டின்னுல புடிச்சு வாங்குறவர்கிட்ட குடுத்துர்றேண்ணே. சட்டியக் காகிதத்தால தொடச்சுட்டுத்தான் கழுவுறேன்" என்றார் அவர். கழுவிய தண்ணீர் சாக்கடையில் சேருமுன் ஒரு சின்னத் தொட்டியில் தங்கி, எண்ணெய் மேலே நின்றுவிடும்படி செய்திருந்தார். திறந்து பார்த்தேன், அதுவும் சுத்தமாகவே இருந்தது. மூன்றாம் தடவை சாக்கடை ஏறியபோது, தம்பி கல்யாணத்துக்காக அவர் கடையைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரமாக வெளியூரில் இருந்தார்.

இரண்டாவது பூமிநாதனின் சலவைக் கடை. செண்பகவல்லி வீட்டில் ஏறிய தண்ணீரில் சோப்பு நுரை இருந்ததாம். "நுரையெல்லாம் போய் அடைக்குமா சார்?" என்று பூமிநாதன் சிடுசிடுத்தார். கடைக்குள் மின்விசிறிக்குக் கீழே போர்வைகளாகத் தொங்கின. நான் போன நாளெல்லாம் அப்படித்தான், வெளிக்கொடி காலி. செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை, துணி ஊறக்கூடப் போடமாட்டார். சாக்கடை ஏறிய ஐந்து நாட்களில் இரண்டு நாள் செவ்வாய்.

மூன்றாவது தமிழய்யா. பேர் திருமேனிநாதன், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தெருச் சங்கத் தலைவர். நாலு மனையில் கட்டிய வீடு அவருடையது. சந்துக்கு நடுவில் தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும்போதும் அவருடைய சிமெண்ட் முற்றத்தில் பாய் விரிக்கலாம். சாக்கடையில் விடக்கூடாதவை என்று எங்கள் அலுவலகம் கொடுத்த அறிவிப்பைத் தம் கைப்படச் சுவரில் எழுதியிருந்தார். முத்து முத்தான எழுத்து, ஒரு சந்திப்பிழை கிடையாது. ஐந்தாம் தடவை போனபோதுதான் அதை எண்ணிப் பார்த்தேன். எங்கள் அறிவிப்பில் ஒன்பது, சுவரில் எட்டு.

"ஒண்ணு குறையுதே ஐயா?"

"அது உங்க ஆபீசு பண்ணின பிழை தம்பி. எட்டும் கழிவு, அந்த ஒண்ணு மட்டும் கழிவே இல்ல. சேராத சொல்ல எப்படி எழுதுறது? நீக்கிட்டேன்."

நாற்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? அதோடு விடவில்லை. கதீஜா கடையை மூட வேண்டும் என்று இருபது வீட்டில் கையெழுத்து வாங்கிய மனுவையும் என்னிடம் நீட்டினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நீங்கள் என் இடத்தில் இருந்தால், இந்த மூவரில் யாருடைய குழாயை அடைத்திருப்பீர்கள்?

விடை: தமிழய்யாவுடையதை. அவர் நீக்கிய ஒன்பதாவது சொல் மழைநீர். கடை பூட்டியிருந்தும் சாக்கடை ஏறியது, சலவை நடக்காத செவ்வாயிலும் ஏறியது, அடைப்பும் இல்லை. ஆனால் ஐந்து நாளும் மழை. வீட்டுக் கழிவுக்கென்று போட்ட சின்னக் குழாயில் நாலு மனை மொட்டைமாடித் தண்ணீர் மொத்தமும் இறங்கினால், அது பள்ளத்து வீட்டில்தான் பீறிடும். "மழத்தண்ணி அழுக்கா தம்பி?" என்று கேட்டார். "அழுக்கு இல்லீங்கய்யா, அதிகம்" என்றேன். மாடிக் குழாயைச் சாக்கடையிலிருந்து துண்டித்து அவர் கிணற்றடிப் பக்கம் திருப்பிவிட்டோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அடைமழை. செண்பகவல்லியின் மகள் பிள்ளையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. செண்பகவல்லி எனக்கு நன்றி சொல்லுவார் என்று நின்றேன். "நல்ல தண்ணிதான்னு தமிழய்யா சொன்னாராமே. அஞ்சு தடவையும் இந்த வீட்டக் கழுவினது நான் சார். ஒரு தடவையாச்சும் அவரு உள்ள வந்து பாத்தாரா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்து தடவையும் நானும் வாசலோடு திரும்பியவன்தான்.