ஆடும் பலகை

பவித்திரன் பயிற்சிக் கொட்டகையின் தகரக் கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

செங்கமலம் தரையில் கிடந்த மெத்தைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்களால ஒரு காரியம் ஆகணும்."

"கதவைச் சாத்திட்டு வாங்க."

சாத்தினான். கொட்டகையே அதிரும்படிதான் சாத்தினான்.

தொலைக்காட்சியில் வாராவாரம் தடை ஓட்டப் போட்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி கட்டி, அதன்மேல் கயிறு, வலை, வழுக்குச் சுவர் எல்லாம் வைத்திருந்தார்கள். போட்டிக்கு வருகிறவர்கள் சுவருக்குப் பயப்படவில்லை, கயிற்றுக்கும் பயப்படவில்லை. ஆடும் பலகைக்குத்தான் பயந்தார்கள். ஓர் அடி அகலம். நான்கு மூலையிலும் சங்கிலி மாட்டித் தொங்கவிட்டிருக்கும். நின்றால் ஆடும். தயங்கினால் ஆடும். ஒரே சீராகக் கால் வைத்து ஓடுகிறவனை மட்டும் சும்மா விடும்.

போட்டியாளர்களுக்கு முன்னால் அத்தனை தடைகளிலும் ஓடிப் பார்த்து, சரி என்று சொல்வது செங்கமலத்தின் வேலை. அவர் முகம் ஒருநாளும் தொலைக்காட்சியில் வந்ததில்லை. மற்ற நாட்களில் இந்தக் கொட்டகையில் பயிற்சி கொடுப்பார். தேடி வருகிறவர்கள் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள், ஆனாலும் அந்தப் பெண்ணை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பவித்திரனும் மூத்தவன்தான். தீயணைப்பு நிலையத்தில் வேலை. புகைக்குள் ஏணி வைத்து ஏறி ஆட்களைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன்.

அப்படிப்பட்டவன் காலிறுதியில், அந்தப் பலகையின் பாதியில், தொப்பென்று தண்ணீரில் விழுந்தான்.

சேனல்காரர்களுக்குக் கொண்டாட்டம். அவன் விழுந்ததை வேகம் குறைத்துக் காட்டினார்கள். பின்னோக்கி ஓட்டிக் காட்டினார்கள். தவளை கத்தும் சத்தம் சேர்த்துக் காட்டினார்கள். ஒரு மனுஷன் விழுவதை இத்தனை விதமாகக் கூறு போட்டு விற்க முடியும் என்று யாருக்குத் தோன்றியதோ, அவன் நன்றாக இருக்கட்டும். மறுநாளே அது ஊரில் எல்லோர் கைபேசியிலும் இருந்தது. நிலையத்தில் கூட வேலை பார்க்கிறவர்களே பவித்திரனைப் பார்த்தால் தவளை மாதிரிக் கத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் அவன் மகளைப் பார்த்தும் கத்தினார்கள்.

சேனல் காட்டாதது ஒன்று உண்டு. தளத்தில் தடைகளைப் பூட்டிக் கழற்றும் பச்சையப்பன், கரையேறிய பவித்திரனிடம் துண்டை நீட்டிக் குனிந்தார். பவித்திரன் அவர் இடுப்பில் ஓர் உதை விட்டான். அவர் இரும்புச் சாமான்களின் மேல் போய் விழுந்தார். எழுந்து, துண்டைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அதில் சிரிக்க ஒன்றும் இல்லையே, வெட்டி எறிந்துவிட்டார்கள்.

பச்சையப்பன் பலகையின் நட்டைத் தளர்த்திவிட்டார் என்று அன்றே பவித்திரன் புகார் சொன்னான். அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். நாளைக் காலை விசாரணை. புகார் நிலைத்தால் பச்சையப்பனுக்கு வேலை போகும். பவித்திரனுக்கு இன்னொரு முறை ஓட வாய்ப்பு கிடைக்கும்.

"நாளைக்கு நீங்களும் வரணும் மாஸ்டர். நட்டு லூசா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நான் ஓடினப்ப இறுக்கமாத்தான் இருந்துச்சு."

"நீங்க ஓடினது விடியக்காலையில. அதுக்கு அப்புறம் அந்த ஆளு பலகை மேல ஏறினான். என் கண்ணால பாத்தேன். நடுவுல குனிஞ்சு என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தான்."

"என்ன பண்ணாரு?"

"என்ன பண்ணுவான்? நட்டைக் கழட்டியிருப்பான்."

"நட்டு நடுவுலயா இருக்கு?"

நட்டுகள் நான்கும் மூலைகளில் இருப்பது பவித்திரனுக்கும் தெரியும்.

"நீங்க யார் பக்கம் மாஸ்டர்?"

"பலகை பக்கம்."

"எல்லாருக்கும் இது விளையாட்டாப் போச்சு." அவன் குரல் உயர்ந்தது. "என் பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுவுறா. நான் எரியுற கட்டடத்துல கைப்பிடிச் சுவர் மேல நடந்தவன். ஒரு தடவை கூட கால் தவறினது இல்ல. அந்தப் பலகை மட்டும் ஏன் என்னைத் தள்ளிச்சு? அதுக்கு பதில் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

செங்கமலம் கொட்டகையின் நடுவே கையைக் காட்டினார். அங்கேயும் ஒரு பலகை சங்கிலிகளில் தொங்கியது. அதே அகலம், அதே நீளம். கீழே தண்ணீருக்குப் பதிலாக மெத்தை.

"ஓடுங்க."

"இப்ப எதுக்கு?"

"கேள்வி கேட்டீங்க இல்ல. ஓடுங்க."

செருப்பை உதறி எறிந்துவிட்டு ஏறினான். ஓடினான். பலகை துளியும் அசையவில்லை. அந்தக் கோடியில் திரும்பி, அதே வேகத்தில் இந்தக் கோடிக்கு வந்தான். கோபத்தில் இன்னும் நன்றாகவே ஓடினான்.

"பாத்தீங்களா? யாரும் கை வைக்காத பலகைன்னா நான் விழ மாட்டேன்."

"வேர்த்து ஊத்துது. வெளியில குழாய்ல முகத்தைக் கழுவிட்டு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனான். செங்கமலம் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தருகே போனார். அங்கிருந்து பலகைக்கு வந்தார். அவன் திரும்பி வரும்போது முன்பு நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னொரு வாட்டி ஓடுங்க."

"எத்தனை வாட்டி ஓடினாலும் இதேதான்."

ஓடினான். பாதியில் பலகை ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. கை இரண்டும் காற்றைத் துழாவின. மெத்தையில் போய் விழுந்தான்.

துள்ளி எழுந்தான்.

"நட்டைக் கழட்டிட்டீங்க."

செங்கமலம் ஸ்பேனரை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

நான்கு மூலைக்கும் போனான். ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடித்து முறுக்கினான். ஒன்றுகூட அசைந்து கொடுக்கவில்லை. சங்கிலியைப் பிடித்து உலுக்கினான். கொக்கியைத் தடவிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. அதுதான் அவனுக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. ஸ்பேனரைத் தரையில் வீசினான்.

"இப்பப் பாருங்க," என்று மறுபடி ஏறினான்.

மறுபடி அதே இடத்தில் விழுந்தான்.

மெத்தையைக் கையால் குத்தினான். கண் கலங்கிவிட்டது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன பண்ணீங்க? சொல்லிடுங்க மாஸ்டர்."

"பச்சையப்பன் என்ன பண்ணாரோ அதைத்தான் பண்ணேன்."

"அதான் என்ன?"

"ஏறிப் பாருங்க. ஓடாதீங்க. பாருங்க."

முழங்காலால் ஊர்ந்து பலகையின் நடுவுக்கு வந்தான். அங்கே ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. அதன் நடுவில் குங்குமம். இரண்டு முறை அவன் ஓடியிருக்கிறான். பொட்டின் ஓரம்கூடக் கலையவில்லை.

பவித்திரன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது அன்னைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. கேமரா, கிரேன், ஜெனரேட்டர்னு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாங்க. அந்தப் பலகைக்கு மட்டும் பெயின்ட் காயல. ஒண்ணு விட்டுப்போச்சேன்னு மறுநாள் காலையில நான் ஓடி முடிச்சதும் பச்சையப்பன் ஏறி வெச்சாரு."

"அதை நடுவுலதான் வெக்கணுமா?"

"நானும் கேட்டேன். நடுவுலதானம்மா ஆளுங்க விழறாங்கன்னாரு."

பவித்திரன் பலகையிலிருந்து இறங்கினான். மெத்தையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

"எனக்கு அப்புறம் ஓடினவங்க விழலையே?"

"நீங்கதான் முதல் ஆளு. நீங்க விழுந்து தெறிச்ச தண்ணியில பொட்டு கரைஞ்சு போச்சு. டிவியில எல்லாரும் உங்க மூஞ்சியைப் பாத்தாங்க. நான் காலைப் பாத்தேன். பொட்டுக்கு முன்னாடி ஒரு எட்டு மட்டும் நீளமா வெச்சீங்க. அதோட சீர் போச்சு."

"எனக்கு அப்படி வெச்சதே தெரியலையே."

"இப்ப ரெண்டு வாட்டி வெச்சீங்க. அதுவும் தெரியல."

அவன் தலையை ஆட்டினான். "எங்க வீட்டுல பேப்பர்ல கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கச் சொல்லி வளத்தாங்க மாஸ்டர். சந்தனம் குங்குமத்து மேல எப்படிக் கால் வரும்? எனக்குத் தெரியாமலே அது தாண்டியிருக்கு."

"ஆமா."

"இதைச் சேனல்ல சொல்லியிருக்கலாமே நீங்க?"

"சொன்னேன். போட்டியாளர் வாயால சொன்னாத்தான் ஏத்துக்குவோம்னுட்டாங்க. பச்சையப்பன் தினமும் வந்து கேட்டுக்கு வெளியில நின்னுட்டுப் போறாரு."

கொட்டகைக் கூரையில் வெயில் ஏறித் தகரம் படபடத்தது. மெல்ல பவித்திரன் முகத்தில் பழைய சிவப்பு திரும்பி வந்தது.

"அப்ப நான் சொன்னது சரிதானே மாஸ்டர்?"

"எது?"

"நட்டு இல்லன்னா பொட்டு. ஆளு ஓடுற பலகையில பொட்டு வெக்கலாமா? வெச்சது யாரு? அவன்தானே? அவனாலதானே விழுந்தேன்? நட்டுன்னு தப்பாச் சொல்லிட்டேன், அவ்வளவுதான். நாளைக்குப் போயி பொட்டுன்னு சொல்றேன். அவனைத் தூக்கட்டும். என்னை மறுபடி ஓட விட்டுத்தான் ஆகணும்."

செங்கமலம் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தார். அதைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும் என்பது அவரிடம் பழகியவர்களுக்குத் தெரியும்.

"பொட்டு மேல படாம எட்டி வெச்சது எந்தக் கால்?"

"வலது கால்." அதைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"துண்டோட குனிஞ்சவரை உதைச்சது?"

பவித்திரன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தான். மாஸ்டருக்கு எதிரே நீட்டியிருந்த அதை மெல்ல மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டான்.