காற்றைக் கைது செய்த விகடர்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மாந்துறை அரண்மனையில் அம்மி பறக்கவில்லை. வடிவம்மாளின் பிழைப்புதான் பறந்தது.

வடிவம்மாள் அரசவைத் தீபத்தைக் காப்பவள். மன்னர் முடிசூடிய அன்று ஏற்றிய தீபம் அது. அணையவே கூடாது. அந்த வேலையைத் தன் மைத்துனன் மனைவிக்கு வாங்கிக் கொடுக்க மந்திரி நல்லபெருமாள் நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நடுப்பகலில் அவள் எண்ணெய்ச் சாடியை எடுக்கத் திரும்பினாள். மந்திரி மேற்குச் சாளரத்தை ஓசைப்படாமல் திறந்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல நகர்ந்துகொண்டார். புகுந்தது காற்று, போயிற்று தீபம்.

மன்னர் உத்தமசேகரருக்கு மூக்கு நுனியில் கோபம்.

"ஏன் அணைத்தாய்?"

"நான் அணைக்கலை மகாராஜா! காத்துதான் அணைச்சுது. சாளரத்தை நான் திறக்கவே இல்லை."

"காற்றா? அப்படியானால் அணைத்த காற்றே வந்து ஏற்றட்டும்! நாளை உச்சிப்பொழுதுக்குள் ஏற்றாவிட்டால் நீ நாட்டை விட்டே போய்விடு."

அவள் அழுத அழுகையைப் பார்க்க முடியாமல் அவை விகடர் அம்பலவாணர் எழுந்துவிட்டார். "காற்று ஏற்றும் மன்னா. நான் பொறுப்பு."

"ஏற்றாவிட்டால் நீரும் அவளோடு கிளம்ப வேண்டியதுதான்" என்றார் மன்னர். மந்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வாய் சொல்லிவிட்டது, மூளையில் ஒன்றுமில்லை. கால் போன போக்கில் நடந்த விகடர், கொல்லர் மாசாணத்தின் பட்டறை வாசலில் நின்றார். உள்ளே மாசாணம் கையை உதறிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆசாரியாரே, உலை சுட்டுவிட்டதா?"

"உலை சுட்டா பரவாயில்லைங்க. காத்து சுட்டுருச்சு!"

விகடருக்குக் காது விடைத்தது. மாசாணம் தன் குழாய்த் துருத்தியைக் காட்டினார். "தண்டை மேலே இழுத்தா இந்தத் தோல் நாக்கு திறக்கும், காத்து உள்ளே வரும். கீழே அமுக்கினா இது தானா மூடிக்கும். வந்த வழியே திரும்ப முடியாது. இடம் சுருங்கச் சுருங்க நெருக்கடி தாங்காம, அந்தப் பக்கத்து நாக்கைத் தள்ளிக்கிட்டு உலைக்குப் பாயும். இன்னைக்கு அந்த நாக்கைச் சாம்பல் அடைச்சிருச்சு. போக வழியில்லை. தெரியாம நானும் அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன். குழாயே கொதிச்சுப் போச்சு!"

"ஆசாரியாரே, நீர் நல்லா இருப்பீர்! எனக்குப் போக வழியே இல்லாத குழாய் ஒன்று, சின்னதாக, இப்போதே வேண்டும்."

மறுநாள் அவை நிறைந்திருந்தது. மந்திரி விகடரின் மடியையும் இடுப்பையும் தடவிப் பார்த்தார். சிக்கிமுக்கிக் கல் இல்லை, தணல் இல்லை. ஒருபக்கம் அடைத்த பித்தளைக் குழாய், எண்ணெய் தடவிய நூலை இறுகச் சுற்றிய ஒரு தண்டு, அதன் நுனிக் குழியில் கருக்கிய பஞ்சு. அவ்வளவுதான்.

விகடர் நேரே மேற்குச் சாளரத்துக்குப் போனார். கதவைத் திறந்து குழாயை நீட்டினார். "அகப்பட்டாயா திருட்டுப் பயலே!" என்று தண்டைச் செருகினார். "மன்னா, தீபத்தைத் திருடிய காற்று இதோ. கைது செய்துவிட்டேன்."

"இதே காற்றுதான் என்று என்ன சாட்சி?" என்றார் மந்திரி.

"விசாரித்தால் தெரிந்துவிடும். அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான்."

குழாயைத் தரையில் ஊன்றி, தண்டின் தலையில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். தண்டு ஒரே மூச்சில் அடிவரை இறங்கியது. சட்டென்று உருவினார். பஞ்சில் சிவப்பாக ஒரு கங்கு! தேங்காய் நாரில் வைத்து ஊதினார். குப்பென்று பற்றியது. வடிவம்மாள் அதை வாங்கித் திரியில் வைத்தாள். தீபம் எரிந்தது. அவை ஆர்ப்பரித்தது.

"ஒரே அடியில் திருடியதைக் கக்கிவிட்டான் மன்னா" என்றார் விகடர். மறுபடி குழாயைச் சாளரத்தில் நீட்டித் தண்டைச் செருகினார். "ஆனால் இவன் தனியாக வரவில்லை. கதவைத் திறந்துவிட்ட கூட்டாளி ஒருவன் இருக்கிறான். இன்னோர் அறை விட்டால் பேரையும் கக்கிவிடுவான்."

கையை ஓங்கினார்.

"வேண்டாம், வேண்டாம்!" என்று மந்திரி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "புழுக்கமாக இருந்தது... லேசாகத்தான் திறந்தேன்..."

மன்னருக்கு முதலில் கோபம்தான் வந்தது. மந்திரியின் முழியைப் பார்த்ததும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தீபம் காக்கும் வேலை வடிவம்மாளுக்கு ஆயுசுக்கும் என்று அங்கேயே கட்டளையிட்டார். விகடருக்கும் மாசாணத்துக்கும் பொற்காப்பு. மந்திரிக்கு, ஆடி முடியும்வரை அந்தச் சாளரத்தை முதுகால் சாத்திக்கொண்டு நிற்கும் உத்தியோகம்.

சாளரத்தில் முதுகைக் கொடுத்தபடி மந்திரி பொருமினார். "காற்றைப் பேச வைப்பதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டீரே!"

"காற்று எங்கே ஐயா பேசும்? நெருக்கினால் சூடாகும், அவ்வளவுதான்" என்றார் விகடர். "நெருக்கினால் உளறுவது மந்திரி மட்டும்தான்."